மூணாவதுல தட்டுது

காது என்று ஒன்றைக் கடவுள் படைத்தது காதுக்காரர் ஒருவருக்காகத்தான். மற்றவர்களுக்கு இருப்பதெல்லாம் கண்ணாடி மாட்டிக்கொள்ள இரண்டு கொக்கி. அந்த ஒர்க் ஷாப் தெருவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். வண்டியின் இன்ஜின் செத்துப்போய், பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும் என்று எவன் கிளம்பினாலும் முதலில் வந்து நிற்பது அவர் பட்டறை வாசலில்தான். பழைய இன்ஜினை வெளியே பார்த்து ஒரு மண்ணும் தெரிந்துகொள்ள முடியாது. டீசலில் கழுவி, மேலே ஒரு பெயின்ட் அடித்துவிட்டால் கிழவியும் குமரிதான். பழைய இரும்புக் கிடங்கில் அதை ஓடவிட்டு, காதுக்காரர் தன் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றுவார். மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்துவார். முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று நுனியை நகர்த்தி, உள்ளே தேய்ந்துபோன பாகம் தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். "ரெண்டாவதுல தட்டுது, வேணாம்" என்றால் வேண்டாம்தான். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அவருடைய மனைவியின் தம்பிக்குப் பெயர் தகரம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது லைசென்ஸில் மட்டும் உயிரோடு இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவனுக்கு அத்தான் பட்டறையில்தான் வேலை. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கைகட்டி வேலை பார்ப்பது என்ன பிழைப்பு என்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். வெளியாள் என்றால் கோபம் வந்த அன்றைக்கு ஸ்பேனரை வீசிவிட்டுப் போகலாம். இவன் வீசினால் அது அக்காவின் சாப்பாட்டுத் தட்டில் போய் விழும்.

முதல் எட்டு வருஷம் அவர் அவனை 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வந்த வாடிக்கையாளர் ஒருவர் முன்னால், "இவனுக்கு இருக்கறது காதா? தகரம்! தட்டினா சத்தம் வரும், தானா ஒண்ணும் கேக்காது" என்றார். வாடிக்கையாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அது பெயராகிவிட்டது.

அதே நாட்களில்தான் இன்னொரு பழக்கமும் ஆரம்பித்தது. இன்ஜின் பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் அவனும் வந்தாக வேண்டும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இன்ஜினுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே நிற்க வேண்டும். பக்கத்தில் வந்து தானும் ஒரு காது கொடுக்கலாம் என்று குனிந்தால் போச்சு. "எதிர்ல நில்லுடா தகரம்! உனக்கென்ன கேக்கப் போவுது, வெளிச்சத்தப் பிடி." முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, நாலு பேர் முன்னால் விளக்குக் கம்பம் மாதிரி நிற்பான். அவன் முகமோ எதையும் மறைக்கத் தெரியாத வெள்ளந்தி முகம். சீட்டாட அவனைக் கூப்பிடாத ஆள் கிடையாது, ஏனென்றால் நல்ல சீட்டு வந்தால் வாய் காதுவரை போகும், கெட்ட சீட்டு வந்தால் சோற்றில் கல்லைக் கடித்தவன் போல இடது கண் சுருங்கும். அவன் கையில் இருப்பதைத் தெரிந்துகொள்ள அவன் சீட்டைப் பார்க்கவே வேண்டாம்.

போன மாசம் அவனுடைய ஆறு வயசு மகள் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, தகரம்னா குப்பைல போடறதாப்பா?" என்று கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவனுக்கு வேண்டியது பெரிய சொத்து சுகம் இல்லை. ஒரே ஒரு தடவை, ஓர் இன்ஜினை அவன் கேட்டுப் பார்த்து "எடுத்துக்கலாம்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன் அந்த வார்த்தையை நம்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் அந்தப் பெயர் செத்துவிடும் என்று நினைத்தான்.

ஒரு மத்தியானம் பட்டறையில் மேல் பலகையிலிருந்து பிரேக் டிரம் ஒன்று சிமென்ட் தரையில் விழுந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எகிறிக் குதித்து ஓடியது. தகரத்தின் கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது. இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து நட்டு கழுவிக்கொண்டிருந்த காதுக்காரர் திரும்பவே இல்லை.

தகரம் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். மெதுவாக, "அத்தான்" என்றான். கொஞ்சம் உரக்க, "அத்தான், கடை தீப்பிடிச்சு எரியுது" என்றான். அவர் நட்டு கழுவினார். நாலு வருஷக் கடுப்பையும் சேர்த்துக் கடைசியாக, "டேய் செவிட்டுப் பயலே" என்றான். அவர் கழுவிய நட்டைத் துணியில் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அப்போது அவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! ஐயோ பாவம் என்று ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்க வேண்டும். மனுஷ ஜென்மம் என்றால் தோன்றும். தோன்றவில்லை. காது கேட்காத ஆள் இத்தனை இன்ஜினை எப்படிச் சரியாகச் சொன்னார் என்றாவது யோசித்திருக்க வேண்டும். அதையும் யோசிக்கவில்லை. ஏதோ குருட்டாம்போக்கில் அடித்துவிட்டிருக்கிறார் என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, நேராகப் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனான்.

கிடங்குக்காரருக்கும் காதுக்காரர்மேல் தீராத வயிற்றெரிச்சல். அவர் 'தட்டுது' என்று தள்ளிய இன்ஜின்களையெல்லாம் உருக்குவதற்குப் போட வேண்டியதாயிற்று. போதாததற்கு, "நீ விக்கறது இன்ஜின் இல்லய்யா, சாம்பல்" என்று ஆட்கள் முன்னாலேயே வேறு சொல்லியிருந்தார்.

"அவருக்குக் காது கேக்கலண்ணே" என்றான் தகரம்.

"யாருக்குக் காது குத்துற?"

"சத்தியமாண்ணே. என் பொண்ணு மேல சத்தியம்."

கிடங்குக்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "பொண்ண ஏன்டா இழுக்கற? சத்தியம் எதுக்கு? சோதிச்சே பார்த்துடலாம்."

திட்டம் கிடங்குக்காரருடையது. ஆனால் சமயம் பார்த்துச் சொன்னது தகரம். ரொட்டிக்காரர் என்று ஒருவர், வேனில் கடைகடையாக ரொட்டி போடுகிறவர், இன்ஜின் ஜாம் ஆகி ஒன்பது நாளாகத் தவித்துக்கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்த வண்டியில் அதற்கு முன்பு மீன் ஏற்றியிருந்ததால் ரொட்டி நாறுகிறது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை அவர் காதுக்காரரைக் கிடங்குக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு.

அன்று கிடங்கில் வேலை ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வெட்டுகிறவன், எடை போடுகிறவன், எதிர்க்கடை டயர்க்காரன், டீக்கடைக்காரர்கூடக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். ஷெட்டுக்குள் நீளமான இரும்பு ஸ்டாண்ட். அதன்மேல் பச்சை பெயின்ட் அடித்த ஓர் இன்ஜின். உள்ளே பிஸ்டனும் கிடையாது, கிராங்கும் கிடையாது, வெறும் ஓடு. மேல் மூடியான ஹெட்டை இரண்டே போல்ட்டில் பேருக்கு உட்காரவைத்திருந்தார்கள். பெல்ட் பக்கம் சுவரை ஒட்டியிருந்தது, அதனால் ஒன்றும் சுற்றவில்லை என்பது தெரியாது. அதே ஸ்டாண்டின் மறுமுனை ஒரு தடுப்புக்குப் பின்னால் போனது. அங்கேதான் ஓடுகிற இன்ஜின் ஒன்றை அதே இரும்பில் முறுக்கி வைத்திருந்தார்கள். அது ஓடினால் இதுவும் நடுங்கும். காது உள்ள எவனும் அரை நொடியில் சொல்லிவிடுவான், சத்தம் தடுப்புக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று.

காதுக்காரர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "தகரம், எதிர்ல நில்லு" என்றார்.

தகரம் டார்ச்சைப் போட்டுக்கொண்டு எதிரே நின்றான். கிடங்குக்காரர் கையைக் காட்ட, தடுப்புக்குப் பின்னால் இன்ஜின் உறுமியது. பச்சை ஓடு நடுங்கியது. காதுக்காரர் நுனியை ஊன்றி, பிடியை எலும்பில் அழுத்தினார்.

முதல் சிலிண்டர். தகரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது. டயர்க்காரன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான், அதைப் பார்த்த டீக்கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவதற்கு நுனி போனபோது தகரத்துக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்தான். இடது கண் சுருங்கியது. நான்காவதற்குப் போவதற்குள் மூச்சை இழுத்துவிட்டுச் சமாளித்துக்கொண்டான்.

காதுக்காரர் நிமிர்ந்தார். "மூணாவதுல லேசா தட்டுது" என்றார். "மத்தபடி ஜம்முன்னு இருக்கு. அதச் சரி பண்ணிக்கலாம்."

கிடங்குக்காரர் ரொம்பப் பவ்யமாக, அவர் முகத்துக்கு நேரே வந்து, "அந்த மூணாவது பிஸ்டன எங்களுக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். இரண்டு பேர் போல்ட்டைக் கழற்றி, ஹெட்டைத் தூக்கி அப்படியே கீழே வைத்தார்கள். நாலு வெறும் துளை. ஸ்டாண்டுக்கு அடியில் படுத்திருந்த வெட்டுகிறவன் மூன்றாவது துளை வழியாகக் கையை மேலே நீட்டி, விரல்களை ஆட்டி வணக்கம் சொன்னான்.

சிரிப்பா அது! ஷெட் இடிந்துவிடும் போலிருந்தது. டயர்க்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ரொட்டிக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். கிடங்குக்காரர் காதுக்காரரின் காதுக்குப் பக்கத்தில் போய், "செவிடன் காதுல சங்கு!" என்று கத்திக் கையைத் தட்டினார். தகரமும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

காதுக்காரர் துளையைப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த விரல்களையும் பார்க்கவில்லை. திறந்திருந்த அத்தனை வாய்களையும் தாண்டி, மச்சினனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சட்டை முனையில் துடைத்தார்.

"டார்ச்ச அணைடா" என்றார். "பேட்டரி வீணாப் போவுது."

திரும்பி வரும்போது தகரம்தான் வண்டியை ஓட்டினான். ரயில்வே கேட்டில் நின்றபோது அவர் ஆரம்பித்தார். காது போனவர்கள் பேசுவதுபோல் உரக்கப் பேசினார், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"போயி நாலு வருஷம் ஆச்சு, மாப்ள. ரெண்டும் போச்சு. ஆளுங்க பேசறத உதட்டப் பார்த்தே சமாளிச்சேன். எலும்புல வச்சா வெறும் நடுக்கம்தான் தெரியும், அத வச்சு என்ன பண்றது?"

மாப்ள என்றதும் தகரம் திரும்பி அவரைப் பார்த்தான்.

"கெட்ட சத்தம் கேட்டா உன் இடது கண்ணு சுருங்கும். உனக்கே தெரியாது. நான் நுனிய வைப்பேன், உன் மூஞ்சியப் பார்ப்பேன். சுருங்கினா தட்டுது. சுருங்கலன்னா எடுத்துக்கோ. நாலு வருஷமா ஒரு இன்ஜின் தப்பாப் போகல. தங்கமான காதுடா உனக்கு. எனக்கு நல்லாக் கேட்ட காலத்துலகூட அப்படி இல்ல."

"அப்புறம் ஏன் என்னைத் தகரம்னீங்க?" என்று கேட்டான் தகரம். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவருக்கு எங்கே கேட்கும்? ஆனால் கேட்ட மாதிரியே அதற்குத்தான் பதில் சொன்னார்.

"காது இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சா மறுநாளே தனிக்கடை போட்டிருப்ப. இல்ல, மூஞ்சிய மறைக்கக் கத்துக்கிட்டிருப்ப. தெரியாதவன் மூஞ்சிதான் பொய் சொல்லாது. அதான் ஊரு முழுக்கத் தகரம்னு சொல்லி வச்சேன். எவனும் உன்னக் கேக்கக் கூடாது, நீயும் உன்னக் கேக்கக் கூடாது." பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "இன்னைக்கும் சுருங்கிச்சு. மூணாவதுல. நான் நம்பினேன்."

கேட் திறந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். தகரத்துக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் வண்டியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தவன் தகரம்தான். பாவி மனுஷன், நாலு வருஷம் இவன் பெயரைக் கொன்று இவன் காதிலேயே பிழைத்திருக்கிறார். அவர் கழுத்தைப் பிடிக்கலாமா, காலைப் பிடிக்கலாமா என்று தகரத்துக்குத் தெரியவில்லை.

"இந்தா" என்று ஸ்க்ரூ டிரைவரை அவன் மடியில் போட்டார் காதுக்காரர். "இனிமே நீயே வச்சுக்கோ. உன்ன எவன் நம்பறான்னு நானும் பார்க்கறேன்."

அடுத்த நாளிலிருந்து அவர் பட்டறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து வீல் நட்டு மட்டும் கழுவினார். அக்கா மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து தம்பி முன்னால் தட்டை ணங்கென்று வைத்தாள். "மெதுவா வைக்கா" என்றான். "ஏன்? அவருக்குத்தான் கேக்காது. உனக்கு நல்லாக் கேக்குமே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

தெருவில் 'மூணாவதுல தட்டுது' என்பது பழமொழி ஆகிவிட்டது. வயிறு வலித்தால் மூணாவதுல தட்டுது. பெண்டாட்டி திட்டினால் மூணாவதுல தட்டுது. அது போகட்டும். நாலு வருஷத்தில் காதுக்காரர் சொல்லி இன்ஜின் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வந்து சண்டை போட்டார்கள். எல்லாருடைய இன்ஜினும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, செவிடன் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிட்டோமே என்று கத்தினார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

ரொட்டிக்காரரும் வந்தார். கத்த வரவில்லை, இன்ஜின் மாட்ட ஆள் கேட்டு வந்தார். தகரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கேட்டுச் சொல்றேங்க. அந்த நாலு வருஷமும் கேட்டது என் காதுதான். அவர் என் மூஞ்சியப் பார்த்துத்தான் சொன்னாரு."

ரொட்டிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சியப் பார்த்து இன்ஜின் வாங்கினாராமா?"

"ஆமாங்க."

"யாருக்குய்யா காது குத்தற? உனக்குக் காதே இல்லன்னு உன் அத்தானே என்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு. உன் கை போதும், வந்து ஏத்திக் குடு. காது வேணாம்."

கிடங்கில் அதே ஷெட், அதே ஸ்டாண்ட். இந்தத் தடவை உண்மையான இன்ஜின், உண்மையாகவே ஓடியது. தகரத்தை யாரும் எதிரே நிற்கச் சொல்லவில்லை. இன்ஜினைத் தூக்கும் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். கிடங்குக்காரர் ஆக்சிலேட்டரைக் கொடுத்தார்.

கேட்டது. ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டியிருக்கவில்லை. வேகம் ஏறும்போது இல்லை, இறங்கும்போது, இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து டொக் டொக் என்று, கதவுக்குப் பின்னால் யாரோ விரலால் தட்டுவதுபோல். இடது கண் சுருங்கியது, அது சுருங்குவது இப்போது அவனுக்கே தெரிந்தது. பேரிங் போய்விட்டது. மாட்டினால் ஒரு மாசம், மிஞ்சினால் ஒன்றரை மாசம், அப்புறம் கிராங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நாலு எட்டில் இன்ஜினிடம் போய், ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எது என்று தெரிந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வேறு எந்தச் சிலிண்டராக இருந்தாலும் சொல்லியிருப்பான். இரண்டாவதாக இருந்திருக்கக் கூடாதா? நான்காவதாக இருந்திருக்கக் கூடாதா? பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தான். ரொட்டிக்காரரின் முகத்தைப் பார்த்தான். பதினெட்டு நாளாக ரொட்டி திரும்பி வந்த முகம்.

"வேணாங்க" என்றான். "மூணாவதுல தட்டுது."

சிரிப்பில் ஷெட்டே வெடித்தது. வெட்டுகிறவன் எங்கிருந்தோ கையை நீட்டி விரல்களை ஆட்டினான். டயர்க்காரன், "ஐயோ, போதும்டா சாமி" என்று தூணைப் பிடித்துக்கொண்டான். ரொட்டிக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். கிடங்குக்காரர் வந்து தகரத்தின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "உன்ன மாதிரி சிரிக்க வைக்க ஆள் கிடையாதுடா" என்றார்.

"விளையாட்டு இல்லங்க, நெஜமா..."

"சரி, சரி, சங்கிலிய மாட்டு. எடுத்துக்கறேன்" என்றார் ரொட்டிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இன்ஜினை அணைக்கும்போது கடைசியாக ஒரு தடவை டொக் என்றது. தகரம் தலையைத் தூக்கி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். ஒரு முகமும் சுருங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, சங்கிலியை மாட்டி, இன்ஜினைத் தூக்கி வண்டியில் ஏற்றினான்.